பள்ளிக்கூடம் மெலிவது எங்கிருந்து தொடங்குகிறது?

சிங்கப்பூரின் புலாவ் உபினுக்குச் சைக்கிள் ஓட்டப் போகிறவர்களிடம், இந்தத் தீவில் ஒரு காலத்தில் 400 பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் இருந்தது என்று சொன்னால் நம்பத் தயங்குவார்கள். பின் கியாங் பள்ளி அது. 1952இல் தீவு மக்கள் தாங்களே பணம் திரட்டிக் கட்டினார்கள். 1985இல் மூடப்பட்டது. 2000இல் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். இன்று தீவில் குடியிருப்பவர்கள் சில பத்துப் பேர்தான்.

ஏன் மூடினார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. உபினின் பிழைப்பு கருங்கல்லில் இருந்தது. 1851இல் கட்டி முடித்த ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கே அங்கிருந்துதான் கல் போனது. குவாரிகள் ஒவ்வொன்றாக நின்றன. வேலை போனதும் இளம் குடும்பங்கள் முக்கியத் தீவின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. தாய் தகப்பன் போன இடத்துக்குத்தான் பிள்ளையும் போகும். அந்தப் பள்ளியில் எவ்வளவு நல்ல ஆசிரியர்கள் இருந்திருந்தாலும் குவாரிச் சம்பளத்தை அவர்கள் கொடுத்திருக்க முடியாது.

உபின் விஷயத்தில் இது எல்லோருக்கும் எளிதாகப் புரிகிறது. ஆனால் ஒரு பள்ளி நம் கண்ணெதிரே மெலியும்போது மட்டும் "அங்கே தரம் சரியில்லை, அதான் யாரும் சேர்வதில்லை" என்று சொல்லிவிடுகிறோம். சிங்கப்பூரின் தமிழ்ப் பள்ளிகளைப் பற்றியும் இப்படித்தான் பலர் பேசுகிறார்கள். வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் நடந்தது தலைகீழ் என்பது என் எண்ணம். முதலில் பிள்ளைகள் குறைகிறார்கள். அதற்கான காரணம் பள்ளிக்கு வெளியே இருக்கிறது. முடிவுகள் அப்புறம்தான் ஆட்டம் காண்கின்றன.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே வகுப்பு நடத்துவது ஆரம்பத்திலிருந்தே எண்ணிக்கையோடு நடந்த போராட்டம். 1834இல் தொடங்கிய சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பும் இருந்தது. சீக்கிரமே அதை நிறுத்திவிட்டார்கள். மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்று இன்று நாம் அறியும் பெரிய பள்ளி 1887இல் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடுதான் தொடங்கியது. ஒன்பதே பேர்! அன்றைய மக்கள்தொகையைப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. இங்கே வந்த இந்தியர்களில் பெரும்பாலோர் தனியாக வந்த ஆண்கள். 1931ஆம் ஆண்டிலும்கூட இந்தியர்களில் ஆயிரம் பெண்களுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்தார்கள். குடும்பமே இல்லாத சமூகத்தில் பள்ளிக்குப் பிள்ளை எங்கிருந்து வரும்?

குடும்பங்கள் எங்கே திரண்டனவோ அங்கே பள்ளியும் முளைத்தது. ரப்பர்த் தோட்டங்கள், செம்பவாங் கடற்படைத் தளம், துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார், நகருக்குள் சிராங்கூன் சாலை வட்டாரம் என்று தமிழர் வேலை பார்த்த இடங்களின் வரைபடமும் தமிழ் வகுப்புகளின் வரைபடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நோரிஸ் சாலையில் ராமகிருஷ்ண மிஷன் ஆண்களுக்கு விவேகானந்தர் பெயரிலும் பெண்களுக்குச் சாரதாமணி தேவியார் பெயரிலும் பள்ளிகள் நடத்தியது. 1941 வாக்கில் பதிவு பெற்ற தமிழ்ப் பள்ளிகள் 18 இருந்தன. அவற்றில் படித்தவர்கள் ஏறத்தாழ 1,000 பேர். கணக்குப் போட்டால் ஒரு பள்ளிக்குச் சராசரியாக 55 பிள்ளைகள். இன்றைய தொடக்கப் பள்ளியில் இரண்டு வகுப்பறைகளில் அடங்கிவிடக்கூடிய கூட்டம். எல்லா நிலைகளையும் சேர்த்தே இவ்வளவுதான் என்றால், ஒரே ஆசிரியர் ஒரே அறையில் மூன்று நான்கு நிலைகளை வைத்துச் சமாளித்திருக்க வேண்டும் என்பதை யாரும் ஊகிக்கலாம்.

போருக்குப் பின் நிலைமை மாறியது. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் மற்றவர்களைப்போல் ஆண்கள் மட்டும் வராமல் மனைவி மக்களோடு தஞ்சோங் பகாரில் குடியேறியவர்கள். அவர்களுடைய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னாளில் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி வேண்டுமென்றால் அன்று போக வேண்டிய இடம் அதுதான்.

கதையின் முக்கியமான திருப்பம் இந்தக் காலத்தில்தான் வருகிறது. 1956இல் அனைத்துக் கட்சிக் குழு, நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1959இல் தன்னாட்சி வந்தது. தமிழ் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றானது. 1960இல் தொடக்கப் பள்ளி இறுதியாண்டுத் தேர்வு, அதாவது நாம் பிஎஸ்எல்இ என்று சொல்வது, நான்கு மொழிகளிலும் தொடங்கியது. தமிழ்ப் பள்ளிக்குச் சட்டப்படி இதைவிட நல்ல காலம் அதற்கு முன் இருந்ததில்லை. அப்படியிருந்தும் அடுத்த இருபது ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிட்டது. 1982இல் உமறுப் புலவர் பள்ளியும் மூடியபோது இந்த நாட்டில் தமிழ்வழிப் பள்ளி என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைப்பதும் சரியில்லை. தொடக்கநிலை 1இல் சேர்ந்த பிள்ளைகளில் சீனவழிப் பள்ளிகளுக்குப் போனவர்கள் 1959இல் ஏறத்தாழ 46 விழுக்காடு. 1978இல் அது 11 விழுக்காடு. சீனர்களுக்குப் பெரிய வணிகச் சங்கங்கள் இருந்தன, நன்கொடையாளர்கள் இருந்தார்கள், நன்யாங் பல்கலைக்கழகம் என்று சொந்தப் பல்கலைக்கழகமே இருந்தது. அவர்களாலேயே நிறுத்த முடியாத ஓட்டம் இது. அந்தப் பல்கலைக்கழகமும் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது.

அப்படியானால் எது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனது? பெற்றோர் இடத்தில் நின்று யோசித்தால் விடை கிடைக்கும். 1960களில் ஜூரோங்கில் தொழிற்பேட்டை எழுகிறது, வெளிநாட்டு நிறுவனங்கள் வருகின்றன. வேலைக்கான நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைக்கு அடுத்த படி ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளி. அதற்கும் மேலே தமிழ்வழியில் படிக்க இங்கே எதுவும் இல்லை. ஏழு வயதுப் பிள்ளையைச் சேர்க்கும்போது தகப்பன் பார்ப்பது அந்த வகுப்பறையை மட்டும் இல்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து இவன் எங்கே நிற்பான் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்.

இன்னொரு காரணத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. ஆங்கிலவழிப் பள்ளிகளில் தாய்மொழியை இரண்டாம் மொழியாகப் படிப்பது 1960இல் தொடக்கப் பள்ளியிலும் 1966இல் உயர்நிலைப் பள்ளியிலும் கட்டாயமானது. தமிழைக் காக்க வந்த ஏற்பாடு அது, சந்தேகமில்லை. ஆனால் தமிழ்ப் பள்ளியை விட்டு வெளியேறுவதில் பெற்றோருக்கு இருந்த மனத்தடையையும் அதுவே நீக்கியது. ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தாலும் பிள்ளை தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் என்றால் அப்புறம் எதற்காகத் தயங்க வேண்டும்? இதை ஒரு துரோகம்போலப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெற்றோர் தங்கள் முன்னால் இருந்த இரண்டு நல்லவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

குடியிருப்பும் தன் பங்குக்கு வேலை செய்தது. சின்னப் பள்ளி உயிரோடிருக்க, நடந்து வரும் தூரத்தில் போதுமான பிள்ளைகள் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் என்று 1968 ஜனவரியில் அறிவிப்பு வந்தது, 1971இல் வெளியேறியும் விட்டன. கடற்படைத் தளத்தை நம்பியிருந்த தமிழ், மலையாளக் குடும்பங்களில் பல ஊர் திரும்பின, பல வேறு பேட்டைகளுக்குச் சிதறின. தஞ்சோங் பகாரில் 1972இல் கொள்கலன் முனையம் வந்தபின் மூட்டை சுமக்கும் ஆட்களின் தேவை குறைந்தது. கம்பங்கள் எனப்படும் கிராமக் குடியிருப்புகள் காலியாகி, மக்கள் தோ பாயோவுக்கும் அங் மோ கியோவுக்கும் பெடோக்கிற்கும் போனார்கள். ஒரே கம்பத்தில் ஐம்பது தமிழ்க் குடும்பம் இருந்தது போய், புளோக்குக்கு நாலைந்து குடும்பம் என்று ஆனது. வசதியான வீடு, குழாய்த் தண்ணீர், மின்சாரம் எல்லாம் கிடைத்தன. தமிழ்ப் பள்ளி மட்டும் நடக்கும் தூரத்தில் இல்லை.

இனி தேர்ச்சிக்கு வருவோம். பள்ளி சிறுத்துக்கொண்டே போகும்போது அதன் முடிவுகளுக்கு இரண்டு விஷயங்கள் நேர்கின்றன. இரண்டுமே கற்பித்தலோடு நேரடித் தொடர்பு இல்லாதவை.

முதலாவது வெறும் கணக்கு. தேர்வு எழுதுகிறவர்கள் 12 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டுத் தேர்வில் தவறிவிட்டால் தேர்ச்சி 100இலிருந்து 91.7 விழுக்காட்டுக்கு இறங்கும். 300 பேர் எழுதும் பள்ளியில் அதே ஒரு பிள்ளை தவறினால் இறக்கம் 0.3 விழுக்காடு. அடுத்த ஆண்டு சின்னப் பள்ளியில் எல்லோரும் தேறிவிட்டால் "எட்டு விழுக்காடு முன்னேற்றம்" என்று யாராவது மேடையில் பேசுவார்கள். அதுவும் இதே அளவுக்குப் பொருளற்றது. ஒரு சின்ன ஊர்ப் பள்ளியின் ஓராண்டு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாராட்டுவதும் திட்டுவதும் பகடை உருட்டியவனின் திறமையை மெச்சுவது மாதிரி. ஐந்தாறு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

இரண்டாவது, யார் முதலில் வெளியேறுகிறார்கள் என்பது. விவரம் தெரிந்த, கொஞ்சம் காசு கையில் இருக்கிற, பேருந்துக் கட்டணம் கட்டக்கூடிய குடும்பம்தான் முதலில் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றும். வீட்டில் புத்தகம் இருக்கிற பிள்ளை, பாடத்தில் உதவ ஆள் இருக்கிற பிள்ளை. மிஞ்சுகிறவர்கள் மாற வழியில்லாதவர்கள். ஆசிரியர் அதே ஆசிரியர், பாடம் அதே பாடம். சராசரி மட்டும் இறங்கும். இறங்கிய சராசரியைப் பார்த்து அடுத்த வரிசைக் குடும்பம் கிளம்பும். இந்தச் சுழல் ஒருமுறை தொடங்கிவிட்டால் உள்ளே இருப்பவர்களால் நிறுத்துவது மிகக் கடினம்.

சரி, தமிழ்ப் பள்ளிகள் போய்விட்டன, எல்லாப் பிள்ளைகளும் ஆங்கிலவழிப் பள்ளிகளில். குறைபாடு பள்ளியில்தான் இருந்தது என்றால் அதன்பின் தேர்ச்சி தானாக உயர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. 1980களின் இறுதியில் இந்திய மாணவர்களின் கல்வி நிலை தேசிய அளவில் கவலைக்குரிய விஷயமாகவே இருந்தது. அதை ஆராய ஒரு நடவடிக்கைக் குழு அமைத்தார்கள். அதன் அறிக்கை 1991இல் வந்தது, அதே ஆண்டில் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் உருவானது. குறைந்த கட்டணத் துணைப்பாட வகுப்புகள், சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கப்படும் சிண்டா சந்தா எல்லாம் அங்கிருந்து வந்தவை. சந்தாவைச் சம்பளச் சீட்டில் பார்த்து முணுமுணுக்கிறவர்களுக்கு அதன் பின்னால் இருக்கும் இந்த வரலாறு தெரிந்தால் கொஞ்சம் நிதானிப்பார்கள் என்று நினைக்கிறேன். பெற்றோரின் வருமானம், வீட்டில் பேசும் மொழி, பாலர் பள்ளிக்குப் போனதா இல்லையா போன்றவை பிள்ளையோடு கூடவே புதுப் பள்ளிக்கும் போயின.

இதற்கு நேர்மாறான திசையில் ஒரு சோதனையும் இங்கே நடந்தது. 1992 முதல் உயர்நிலைப் பள்ளிகளைத் தேர்வு முடிவுப்படி வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். எந்தப் பள்ளிக்கு எப்படிப்பட்ட மாணவர்கள் வருகிறார்கள் என்பதைவிட எந்தப் பள்ளி எத்தனையாவது இடம் என்பதே பேச்சானது. 2004இல் அதைத் தரப்பிரிவுகளாக மாற்றினார்கள், 2012இல் அதையும் விட்டுவிட்டார்கள். அதே 2012இல் பிஎஸ்எல்இயில் முதலிடம் பெற்ற மாணவரின் பெயரை வெளியிடுவதும் நின்றது. பட்டியல் போனாலும் பெற்றோரின் மனப்பட்டியல் போகவில்லை என்பது தொடக்கநிலை 1 பதிவு நடக்கும் மாதங்களில் எந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்தாலும் தெரியும். சேர்க்கையில் முன்னுரிமை கிடைக்கும் என்று பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு பார்த்துக் குடியேறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இன்றைக்குப் பள்ளிகளை மெலியவைப்பது குவாரியோ படைத்தளமோ இல்லை. பிறப்பு குறைந்துவிட்டது. மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 2000இல் 1.6. 2010இல் 1.15. 2023இல் ஒன்றுக்கும் கீழே போய் 0.97 ஆனது. இதன் விளைவு முதலில் தொடக்கப் பள்ளியிலும் அப்புறம் உயர்நிலைப் பள்ளியிலும் கடைசியாக, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படியான தொடக்கக் கல்லூரியிலும் தெரியும். தொடக்கக் கல்லூரி முதலாண்டில் சேர்வோர் 2010இல் 16,000 பேராக இருந்தது, 2019இல் 12,800 ஆகக் குறையும் என்று கல்வி அமைச்சு கணக்கிட்டது. அந்த 2019இல் எட்டுத் தொடக்கக் கல்லூரிகள் நான்காயின. ஆண்டர்சனும் சிராங்கூனும், ஜூரோங்கும் பயனியரும், மெரிடியனும் தெம்பனிசும், ஈசூனும் இன்னோவாவும் இணைந்தன. அதே ஆண்டில் 14 தொடக்கப் பள்ளிகளும் ஆறு உயர்நிலைப் பள்ளிகளும் இரண்டிரண்டாகச் சேர்ந்தன. இடையில், பிள்ளை பெற நல்ல ஆண்டு என்று சீனர்கள் நம்பும் டிராகன் ஆண்டுகள் வந்து கணக்கைக் கொஞ்சம் குழப்பும். 2012இல் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் சீன நாள்காட்டியில் ஒரு நம்பிக்கையும் இல்லாமலே 2019இல் தொடக்கநிலை 1 இடத்துக்குக் கூடுதலாகப் போட்டி போட வேண்டியிருந்தது.

பிள்ளை குறைவது நாடு முழுக்க ஒரே மாதிரி நடப்பதில்லை. பழைய பேட்டையில் பெற்றோர் தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள், பிள்ளைகள் கல்யாணம் செய்துகொண்டு பொங்கோல், தெங்கா போன்ற புதுப் பேட்டைகளுக்குப் போய்விட்டார்கள். ஒரு பக்கம் வகுப்பறை காலி, இன்னொரு பக்கம் புதுப் பள்ளி கட்ட வேண்டியிருக்கிறது. உபின் தீவில் நடந்ததை ஒரு பேட்டையின் அளவில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பதுதான் இது. பள்ளியை மூடும் அறிவிப்பு வரும்போது பழைய மாணவர்கள் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளி எதிலோ தோற்றுவிட்டது என்று முடிவுகட்டுவதில் நியாயம் இல்லை.

தமிழ் வகுப்பைப் பொறுத்தவரை இணைப்பு கெட்ட செய்தியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஒரு தொடக்கப் பள்ளியின் ஒரு நிலையில் தமிழ் படிப்பவர்கள் ஏழெட்டுப் பேர் என்றால் எல்லா வகுப்பிலிருந்தும் அவர்களைத் திரட்டி ஓர் ஆசிரியரிடம் அனுப்புவார்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையும் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையும் ஒரே மேசையில். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவதாகச் சொன்ன இந்தியர்கள் சுமார் 37 விழுக்காடு, 2020இல் 27 விழுக்காடு. அப்படியென்றால் அந்த ஏழெட்டுப் பேருக்குள் இருக்கும் இடைவெளி ஆண்டுக்காண்டு கூடுகிறது. இரண்டு பள்ளிகள் சேர்ந்து பதினைந்து பேர் ஆனால் இரண்டு பிரிவாகப் பிரிக்க முடியும், இரண்டு தமிழாசிரியர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேச முடியும். ஆண்டர்சன் சிராங்கூன் தொடக்கக் கல்லூரி இணைந்த கல்லூரிதான். தமிழுக்கான தேசிய விருப்பப்பாடத் திட்டம் 2020இல் அங்கேயும் நேஷனல் தொடக்கக் கல்லூரியிலும் தொடங்கியது.

உயர்நிலைப் பள்ளியில் எண்ணிக்கை இன்னும் கடுமையாகக் கடிக்கும். தங்கள் பள்ளியில் தமிழ் இல்லாத மாணவர்கள் பாடம் முடிந்தபின் தமிழ் நடக்கும் வேறொரு நிலையத்துக்குப் போய்ப் படிக்கிறார்கள். பீட்டி சாலையில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அவற்றில் பழையது. மூடப்பட்ட பள்ளியின் பெயரைத் தாங்கி 1983இல் தொடங்கியது அது. மற்ற பாடங்களுக்குத் தன் வகுப்பில் உட்கார்ந்தபடி படிக்கும் மாணவன் தமிழுக்கு மட்டும் வெயிலில் பேருந்து மாறிப் போக வேண்டும், அதே நேரத்தில் நடக்கும் இணைப்பாட நடவடிக்கையையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அவனுடைய தமிழ் மதிப்பெண் குறைந்தால் தமிழார்வத்தைக் குறை சொல்வதற்கு முன் அவனுடைய மாலை நேரத்தைப் பார்க்க வேண்டும்.

2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று ஏறுவரிசையில் உள்ள நிலைகளில் மாணவர் தம் திறனுக்கு ஏற்ற நிலையில் படிக்கலாம். கணிதத்துக்கு இது நல்ல ஏற்பாடு, ஒவ்வொரு நிலைக்கும் வகுப்பு நிரம்ப ஆள் இருக்கிறது. தமிழுக்கோ இந்த மூன்றோடு உயர்தமிழும் தமிழ் 'பி' எனப்படும் எளிதாக்கப்பட்ட பாடமும் உண்டு. ஒரு பள்ளியின் உயர்நிலை 1இல் தமிழ் மாணவர்கள் பத்துப் பேர் என்றால், அந்தப் பத்துப் பேரும் ஐந்து பாடத்திட்டங்களில் சிதறியிருக்கலாம். தன் பிள்ளைக்கு உயர்நிலைப் பள்ளி தேடும் தமிழ்ப் பெற்றோர் வெட்டுப்புள்ளியை, அதாவது சேர்க்கைக்கான மதிப்பெண் எல்லையை, கேட்பதோடு நிறுத்திவிடாமல், அந்தப் பள்ளியிலேயே தமிழ் நடக்கிறதா, ஒரு நிலைக்கு எத்தனை பேர், எந்தெந்தப் பாடத்திட்டம், எத்தனை மணிக்கு என்பதையும் பள்ளியின் பொது வரவேற்பு நாளில் நேராகக் கேட்டுவிடலாம். தமிழாசிரியரிடமே கேட்டால் மறைக்காமல் சொல்வார்.